போர்க்காலத்தில் ஒரு பாடசாலையின் செய்திகள்

பாடசாலைப் பத்திரிகை அமைதிக் காலத்துக்கென்றே அமைந்த ஒரு வெளியீடு. கிரிக்கெட் ஆட்டங்களின் முடிவு, விவாத சங்கத்தின் அறிக்கை, பரிசளிப்பு விழாவின் விவரம், பரீட்சையிற் சித்தியெய்தியோர் பெயர்கள் என்பவற்றால் அதன் பக்கங்கள் நிரம்பும். இறுதியில், பழைய மாணவரைப் பற்றிய செய்திகள் சில இடம்பெறும். இன்னார் இன்ன உத்தியோகம் பெற்றார், இன்னார்க்குத் திருமணம் நிறைவேறியது, முதியவர் ஒருவர் காலமானார் என்பனவே அச்செய்திகள். பிறர் பார்வையில் இவை மிகச் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால், நாடு போரில் இறங்கியதும் இந்த இறுதிப் பக்கங்களே பத்திரிகையின் முதற் பக்கங்களாகி விடுகின்றன. ஒரு சமுதாயம் போரை எவ்வாறு வரவேற்றது, எவ்வாறு தாங்கியது, பின்னர் அதனைப்பற்றி எவ்வாறு மனம் மாறியது என்பதை அவை காட்டும் அளவுக்குப் படைத்தளபதிகளின் அறிக்கைகள் காட்டமாட்டா.

இதற்குச் சான்றாக இங்கிலாந்தின் ஈற்றன் கல்லூரியை எடுத்துக்கொள்ளலாம். தேம்ஸ் நதிக்கரையில், வின்ட்சர் அரண்மனைக்கு எதிரே, ஆறாம் ஹென்றி மன்னன் 1440 இல் நிறுவிய பாடசாலை அது. ஏழை மாணவர் எழுபதுபேர் இலவசமாகக் கற்பதற்கென்று மன்னன் அமைத்த அந்நிறுவனம், காலப்போக்கிற் பிரபுக்களும் செல்வந்தரும் தம் மைந்தரை அனுப்பும் இடமாயிற்று. இங்கிலாந்திலே இத்தகைய பாடசாலைகளைப் 'பொதுப் பாடசாலைகள்' என்றே வழங்குவர். பெயரிலே 'பொது' என்ற சொல் இருப்பினும், பெருந்தொகை கட்டணமாகச் செலுத்தக் கூடியவர்க்கே அவற்றின் வாயில் திறந்திருந்தது. 1914 ஆம் ஆண்டில் ஈற்றனில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மாணவர் பயின்றனர். 1863 முதல் வெளிவந்துகொண்டிருந்த 'குரோனிக்கிள்' என்னும் பத்திரிகையும் அங்கே இருந்தது.

1914 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது போர்ப்பிரகடனம் செய்தது. அது கோடை விடுமுறைக் காலம். ஜூலை மாதத்திற் பாடசாலையை விட்டு நீங்கிய இளைஞர் பலர், பல்கலைக்கழகம் புகுவதற்கு மாறாகப் படையிற் புகுந்தனர். அவர்கள் சாதாரணப் போர்வீரராகச் சேரவில்லை, அதிகாரிகளாகவே சேர்ந்தனர். அதற்குரிய வழி ஏற்கனவே அமைக்கப்பட்டிருந்தது. 1908 ஆம் ஆண்டில், யுத்த மந்திரியாக இருந்த ஹோல்டேன் என்பவர், பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அதிகாரிகளைப் பயிற்றும் படைப்பிரிவுகளை ஏற்படுத்தியிருந்தார. அப்பயிற்சியைப் பெற்ற பதினெட்டு வயது இளைஞன், சில மாதங்களுக்குள் ஐம்பது வீரர்கள் கொண்ட ஒரு படைப்பிரிவுக்குத் தலைவனாகலாம். விளையாட்டுக் குழுவின் தலைவனாக நின்றவன் போர்க்களத்திலும் தலைவனாக நிற்கத் தக்கவன் என்று அக்காலத்தவர் நம்பினர்.

முதல் மாதங்களிற் பாடசாலைகளுக்கு வந்த செய்திகள் பெருமிதம் நிறைந்தவை. இன்ன படைப்பிரிவில் இன்னார் சேர்ந்தார், இன்னார் பதவி உயர்வு பெற்றார், இன்னாரின் வீரம் தளபதியின் அறிக்கையில் எடுத்துரைக்கப்பட்டது என்று அவை தொடங்கின. ஆனால், 1914 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சூழ நிகழ்ந்த கடும்போரிற் பிரித்தானியாவின் நிலையான படை பெரும்பாலும் அழிந்தது. குதிரைப்படையிலும் அரச காவற்படையிலும் ஈற்றன் பழைய மாணவர் மிகுதியாக இருந்தனர். ஆகவே, அந்த முதல் அடி அப்பாடசாலைக்கு நேராகவே விழுந்தது.

கிரென்பெல் என்னும் குடும்பத்தின் வரலாறு இதனை விளக்கப் போதுமானது. அக்குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ், றிவர்ஸ்டேல் என்ற இரட்டையர் ஈற்றனிற் பயின்றவர்கள். றிவர்ஸ்டேல் 1914 செப்ரெம்பரில் இறந்தார். பிரான்சிஸ் அப்போரின் முதல் விக்ரோறியாச் சிலுவைகளுள் ஒன்றைப் பெற்று, 1915 மே மாதம் 24 ஆம் திகதி உயிர் துறந்தார். இரண்டு நாட்களின் பின், அவர்களுடைய உறவினரும் ஈற்றன் மாணவருமான ஜூலியன் கிரென்பெல், ஈப்பரில் ஏற்பட்ட தலைக்காயத்தினால் பிரான்சில் ஒரு வைத்தியசாலையிற் காலமானார். போரைப் போற்றி அவர் எழுதிய கவிதை ஒன்றை, அவர் இறந்த இரண்டொரு நாளில் ரைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. இரண்டு மாதங்கள் கழிந்தன. ஜூலை 30 ஆம் திகதி, அவருடைய தம்பி வில்லியமும், தமையன் காயமுற்ற இடத்துக்கு அண்மையிலேயே கொல்லப்பட்டார். ஓராண்டு நிறைவதற்குள் ஒரே குடும்பத்தின் நால்வர் பெயரையும் ஒரே பாடசாலை தன் இறந்தோர் பட்டியலிற் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஆசிரியரும் இப்பட்டியலுக்குத் தப்பவில்லை. ஈற்றனிற் கற்று, அங்கேயே கற்பித்த ஜோர்ஜ் பிளெச்சர் என்பவர் அவர்களுள் ஒருவர். ஜேர்மானியர் கைப்பற்றிய பிரெஞ்சுக் கொடி ஒன்று அவர்களுடைய அகழியின்மேற் பறப்பதைக் கண்டு, அவர் இரவில் ஊர்ந்து சென்று அதனை மீட்டு வந்தார். 1915 மார்ச் மாதத்தில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி முந்திய ஆண்டே போரில் இறந்திருந்தார். மீட்கப்பட்ட கொடி ஈற்றன் ஆலயத்துக்கு அளிக்கப்பட்டது. முன்னர்த் தமக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியரின் நினைவுப் பொருளைப் பார்த்தவாறு மாணவர் வழிபாட்டுக்குச் செல்லலாயினர்.

இச்செய்திகள் பாடசாலையை வந்தடைந்த முறையும் அறியத்தக்கது. அதிகாரி ஒருவர் இறந்தால் அவருடைய வீட்டுக்குத் தந்தி வரும். சாதாரணப் போர்வீரர் இறந்தால், அச்சிட்ட படிவம் ஒன்றிற் பெயரை நிரப்பித் தபாலில் அனுப்புவர். மரணத்திலும் இந்த வேற்றுமை கைவிடப்படவில்லை. தந்தியைத் தொடர்ந்து, இறந்தவருடைய மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வரும். பெற்றோர் அக்கடிதத்தைப் பிரதி செய்து, தம் மகன் தங்கியிருந்த விடுதியின் ஆசிரியருக்கு அனுப்புவர். அங்கிருந்தே பாடசாலைப் பத்திரிகையின் குறிப்புப் பிறக்கும்.

அத்தகைய கடிதங்களிற் சில வாக்கியங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. அவர் தம் வீரர்க்கு முன்னே சென்றார். எல்லாரும் அவரிடம் அன்பு கொண்டிருந்தனர். துன்பம் அறியாது உடனே உயிர் பிரிந்தது. தாய்மாரின் மனத்தை ஆற்றுவதற்காக எழுதிய சொற்கள் இவை. எழுதியவரை இதற்காகக் குறைகூற இயலாது. அவரும் பல சமயங்களில் இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞரே. ஆயினும், முட்கம்பி வேலியிற் சிக்கி மணிக்கணக்காகக் கிடந்தவரைப் பற்றியோ, நச்சுப்புகையில் மூச்சடைத்தவரைப் பற்றியோ, உடலே கிடைக்காதவரைப் பற்றியோ அவை உண்மை சொல்லவில்லை. அவ்வாக்கியங்களே பின்னர் அச்சேறின. அதே பத்திரிகையை வாசித்த பதினாறு வயது மாணவன், அடுத்த ஆண்டு தான் செல்லவிருக்கும் இடத்தைப்பற்றி அதிலிருந்து சிறிதளவே அறிந்துகொண்டான்.

ஆனால், பத்திரிகை மறைக்காத ஒன்று உண்டு. அதுவே எண்ணிக்கை. ஈற்றன் மாணவராக இருந்தோருள் ஏறத்தாழ 5,650 பேர் 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த அப்போரிற் பணியாற்றினர். அவர்களுள் 1,157 பேர் இறந்தனர். ஐவருள் ஒருவர் என்பது இதன் பொருள். 1914 இல் அங்கு பயின்ற மாணவர் அனைவரையும் ஒரு மண்டபத்திற் கூட்டியிருந்தால், அக்கூட்டத்துக்கு ஈடான தொகை அது. பிரித்தானியப் படையில் நூறு பேருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் இறந்தனர். அதிகாரிகளை மட்டும் கணக்கிட்டால் அத்தொகை பதினேழாகும்.

செல்வக் குடும்பங்களின் மைந்தர் சாதாரண மக்களைக் காட்டிலும் அதிக விகிதத்தில் இறந்ததற்குக் காரணம் அவர்களுடைய பதவியே. இளநிலை அதிகாரி தம் வீரர்க்குப் பின்னால் நிற்பதில்லை. ஊதுகுழலை ஊதி, அகழியிலிருந்து முதலில் ஏறவேண்டியவர் அவரே. அவருடைய உடையின் வெட்டு வேறு. இடைவாரும் தோள்வாரும் வேறு. துப்பாக்கிக்குப் பதிலாகக் கையிற் கைத்துப்பாக்கி. நூறு யார் தூரத்தில் ஒளிந்திருந்த எதிரிக்கு, யாரை முதலிற் சுடவேண்டும் என்பதை அவ்வுடையே அறிவித்தது. பின்னர் அதிகாரிகள் பலர் சாதாரண வீரருடைய மேற்சட்டையை அணிந்து போருக்குச் செல்லத் தொடங்கினர். அதற்குள் பாடசாலைகளின் பட்டியல் பல பக்கங்கள் நீண்டுவிட்டது.

இழப்பின் நடுவே மாறுபட்ட குரல் ஒன்று எழுந்தது. ஈற்றனின் தலைமையாசிரியர் எட்வேட் லிற்றில்ரன் ஒரு கிறிஸ்தவ குரு. 1915 மார்ச் மாதம் இலண்டன் மாநகரில் ஓர் ஆலயத்திற் பிரசங்கித்தபோது, பகைவரிடத்தும் நீதியோடு நடக்க வேண்டும் என்ற போதனையை அவர் நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றார். கீல் கால்வாயை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்குமாறு ஜேர்மனியிடம் கேட்பதாயின், ஜிப்ரால்ரரையும் அவ்வாறே பொதுவாக்கப் பிரித்தானியா முன்வரவேண்டும் என்பது அவர் கருத்து. பத்திரிகைகள் சீறியெழுந்தன. தம் மாணவர் இறந்துகொண்டிருக்கையிற் பகைவர்க்குப் பரிந்து பேசுகிறாரே என்று பலர் தூற்றினர். மறு ஆண்டில் அவர் பதவியினின்றும் விலகினார். அவருக்குப் பின் சிறில் அலிங்ரன் தலைமையாசிரியரானார். மரணச் செய்திகளை மற்றெவரினும் அதிகமாகப் படித்த ஒருவர், அவற்றுக்கு முடிவு வேண்டும் என்று நினைத்தது வியப்பன்று. அதனைப் பகிரங்கமாகச் சொல்ல அக்காலம் இடங்கொடுக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

1917 ஆம் ஆண்டளவில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. செய்தி பெருகப் பெருக, அதன் வலிமை குன்றியது. பிற்காலத்தில் ஜோர்ஜ் ஓர்வெல் என்ற பெயராற் புகழ்பெற்ற எரிக் பிளேயர், அவ்வாண்டில் உதவிப்பணம் பெறும் மாணவராக ஈற்றனிற் சேர்ந்தார். 1914 இல், தமது பதினோராம் வயதில், இளைஞரைப் போருக்கு அழைக்கும் பாட்டொன்றை எழுதி உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட்ட சிறுவர் அவர். ஆனால், 1940 இல் எழுதிய கட்டுரையில் தம் பாடசாலை நாட்களைப்பற்றி அவர் கூறுவது வேறு. நூல்நிலையத்திற் போர்முனையின் பெரிய படம் ஒன்று தொங்கியது. ஊசிகளின் வழியே சென்ற சிவப்புப் பட்டுநூல் போர்முனையின் எல்லையைக் காட்டியது. அந்நூல் எப்போதாவது அரை அங்குலம் நகரும்; அந்த அரை அங்குலத்துக்குள் எண்ணற்ற பிணங்கள் அடங்கும். தாம் அதனைக் கவனிக்கவே இல்லை என்று அவர் எழுதுகிறார். மாணவரைப் போர் தொட்டது, உணவுக் குறைவின் வாயிலாகவே. படைப்பயிற்சியிற் சோம்பி நிற்பதே அறிவுடைமை என்று அவருடைய தோழர் கருதலாயினர்.

இதனைக் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஆலயத்திற் பெயர்கள் வாசிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த சிறுவரின் மனம், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கவசத்தைத் தேடிக்கொண்டது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், தம்மைவிடச் சில வயதே மூத்தவர்கள் அனுபவித்த ஒன்றைத் தாம் தவறவிட்டதாகத் தம் தலைமுறையினர் உள்ளூர உணர்ந்தனர் என்பதையும் ஓர்வெல் அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார்.

உயிர்பிழைத்து மீண்டவர்களின் செய்தி எந்தப் பத்திரிகையிலும் முழுமையாக வெளிவந்ததில்லை. ஈற்றன் மாணவராயிருந்து பிரித்தானியாவின் பிரதம மந்திரிகளான இருவர் அவ்வகையினர். 1955 முதல் 1957 வரை அப்பதவியில் இருந்த அந்தனி ஈடன் 1915 இற் பாடசாலையை விட்டுப் படையிற் சேர்ந்தார். அவருடைய மூத்த சகோதரர் 1914 ஒக்டோபரிற் கொல்லப்பட்டார். கடற்படையிற் சேர்ந்திருந்த பதினாறு வயதுத் தம்பி, 1916 மே 31 ஆம் திகதி ஜட்லண்ட் கடற்போரிற் கப்பலோடு அமிழ்ந்தார். இன்னொரு சகோதரர் ஜேர்மனியிற் காவலில் வைக்கப்பட்டிருந்தார். காயமுற்ற வீரர் ஒருவரை மீட்டதற்காக ஈடனுக்குப் பதக்கம் கிடைத்தது.

ஈடனைத் தொடர்ந்து பிரதம மந்திரியான ஹரோல்ட் மக்மிலன், 1915 இல் லூஸ் என்னுமிடத்திலும் 1916 இல் சொம் போரிலும் காயமடைந்தார். இரண்டாம் முறை, குண்டு வீழ்ந்த பள்ளம் ஒன்றினுள் நெடுநேரம் கிடந்தபோது, சட்டைப்பையிலிருந்த கிரேக்க நாடக நூலைப் படித்துக்கொண்டிருந்தார். போரின்பின் அவர் ஒக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பிப் படிப்பை முடிக்கவில்லை. 1912 இல் அவரோடு அங்குள்ள பேலியல் கல்லூரியில் உதவிப்பணம் பெற்றுச் சேர்ந்த சிறு குழுவினருள், அவரும் இன்னொருவருமே எஞ்சியிருந்தனர். நண்பரில்லாத வளாகத்தில் வாழ அவர் மனம் இசையவில்லை.

ஈற்றனின் 1,157 பெயர்களும் முற்றத்தின் பக்கத்திலுள்ள தூண்வரிசையில் வெண்கலத்திற் பொறிக்கப்பட்டன. இரண்டாம் மகாயுத்தத்தில் மேலும் 748 பேர் இறந்தனர். 1940 டிசம்பரிற் குண்டுகள் பாடசாலையின் மீதே வீழ்ந்து, கட்டிடங்களுக்குச் சேதம் விளைவித்தன. முன்னர்த் தொலைவிலிருந்து வந்த செய்தி, இம்முறை வீட்டு வாயிலுக்கே வந்தது.

இவ்வரலாறு இலங்கைக்குத் தொடர்பற்ற ஒன்றன்று. இந்நாட்டின் பெரிய ஆண்கள் கல்லூரிகள் பல, விடுதி முறை, மாணவர் படை, பழைய மாணவர் சங்கம், பாடசாலைப் பத்திரிகை என்னும் அமைப்புகளை இங்கிலாந்தின் அப்பாடசாலைகளைப் பார்த்தே அமைத்துக்கொண்டன. இலங்கையின் முதலாவது மாணவர் படை 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தோன்றியது. ஆகவே 1914 இல் மூண்ட போரின் செய்திகள் இங்குள்ள கல்லூரிகளையும் அதே வழியில் வந்தடைந்தன.

கொழும்பிற் பிறந்து, அக்காலத்தில் முகத்துவாரத்தில் இருந்த புனித தோமையார் கல்லூரியிற் பயின்ற பசில் ஹோர்ஸ்போல் என்னும் ஆங்கிலேயர், 1916 இல் இங்கிலாந்து சென்று படையதிகாரியானார். 1918 மார்ச் 27 ஆம் திகதி, தலையிற் கடுங்காயம் பட்ட பின்னும் சிகிச்சைக்குச் செல்ல மறுத்து, இழந்த நிலையை மீட்கத் தம் வீரரை நடத்திச் சென்றார். பின்வாங்குமாறு கட்டளை வந்தபோது இறுதியாக நீங்கியவரும் அவரே. சிறிது நேரத்திற் கொல்லப்பட்ட அவருக்கு விக்ரோறியாச் சிலுவை அளிக்கப்பட்டது. அவருக்குக் கல்லறை இல்லை. அராஸ் நகரின் நினைவுச் சின்னத்திற் பெயர் மட்டும் உண்டு. கண்டித் திரித்துவக் கல்லூரி மாணவரான றிச்சட் அலுவிகாரை சொம் போரிற் காயமுற்று நாடு திரும்பினார். 1947 இல் அவர் இலங்கையரான முதற் பொலீஸ் மா அதிபராகவும், பின்னர் இந்தியாவில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் விளங்கினார்.

ஆனால், நினைவுகூரும் முறையில் இலங்கைக்கு ஒரு தனி வினா எழுந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் திகதி பாடசாலைப் பிள்ளைகள் பொப்பிப் பூ வாங்கினர். அப்பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரர்க்கே சென்றது. இந்நாட்டின் முன்னாள் வீரர்க்குச் சிறு பங்கே கிடைத்தது. இதனை எதிர்த்து ஈலியன் பெரேரா 1931 இல் சூரியமல் இயக்கத்தைத் தொடங்கினார். சொந்த நாட்டு வீரரை மறந்து, பிறநாட்டு வீரர்க்கு உதவுமாறு மாணவரைப் பணிப்பது தகுமா என்று டொறீன் யங் என்ற ஆசிரியை 'பூக்களின் போர்' என்னும் பொருள்பட்ட தலைப்பிற் கட்டுரை எழுதினார். இறந்தோரை நினைப்பதா வேண்டாமா என்பதன்று அவ்வினா. எவரை நினைக்கிறோம், எவரை மறக்கிறோம் என்பதே.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அக்காலத்திற் போர் கல்லூரிகளின் கட்டிடங்களையே எடுத்துக்கொண்டது. றோயல் கல்லூரி இராணுவ வைத்தியசாலையாக, அதன் வகுப்புகள் தனியார் இல்லங்களிலும் பண்டாரவளையிலும் நடைபெற்றன. கல்கிசைக்கு இடம்பெயர்ந்திருந்த தோமையார் கல்லூரியின் கட்டிடங்களும் இராணுவத்தின் வசமாயின; குருத்தலாவையில் அதன் கிளை அவ்வாண்டிலேயே தோன்றியது. பழைய மாணவர் செய்தியை எதிர்பார்த்திருந்த பாடசாலை, தானே ஒரு போர்ச்செய்தியாயிற்று.

ஒரு படை தன் இழப்பை இலக்கத்திற் கூறும். பாடசாலை அதனைப் பெயரிற் கூறும். இன்ன விடுதியில் இருந்தான், ஓட்டத்தில் வென்றான், கணிதத்தில் இடர்ப்பட்டான் என்று அது அறிந்து வைத்திருப்பதாலேயே, அதன் பட்டியல் ஓர் அரசின் கணக்கைக் காட்டிலும் உள்ளத்தைத் தொடுகிறது. அதேவேளை, எழுதுவதற்கு ஒரு பத்திரிகையும், வாசிப்பதற்கு ஒரு சங்கமும் உள்ளவரைப் பற்றியே அவ்வாறு எழுதப்பட்டது. கிராமத்துத் தொடக்கப் பாடசாலையிற் சில ஆண்டுகள் கற்று, வயலிலோ சுரங்கத்திலோ உழைத்துப் போர்வீரனானவனுக்குப் பெரும்பாலும் கல்லில் ஒரு வரியே கிடைத்தது. அவனுக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். அவனும் ஏதோ ஒரு கணக்கில் இடர்ப்பட்டிருப்பான். பெரிய கல்லூரிகளின் போர்ச்செய்திகளை வாசிப்போர் அவனையும் நினைந்து வாசிப்பாராயின், அப்பட்டியல்களின் முழுப்பொருளும் விளங்கும்.